ஒதுக்கப்பட்டோரும் இதய நோயும்

மனிதனுடைய இதயம் அவனுடைய கைமுட்டி அளவே உள்ள ஓர் உறுப்பு. எனினும் அது ஒரு நாளில் ஏறத்தாழ 1 லட்சம் தடவை துடிக்கிறது. நாம் ஓய்ந்திருக்கும் வேளையிலும் நிமிடத்துக்கு 5 லிட்டர் அளவு இரத்தத்தை உடலெங்கும் செலுத்துகிறது. உடல் முழுமைக்கும் உணவூட்டும் இவ்வுறுப்புக்கு அதன் சொந்த உணவைக் கொண்டுவந்து சேர்ப்பவை, அதன் மேற்பரப்பில் கொடிபோல் படர்ந்து கிடக்கும் மெல்லிய இரத்தக் குழாய்களே. அக்குழாய்களுள் ஒன்று அடைபட்டால் அதனை நம்பியிருக்கும் தசைப்பகுதி உணவின்றிச் சாகத் தொடங்குகிறது. இதனையே மாரடைப்பு என்கிறோம்.

பாரிட் புந்தார் வட்டாரத்தில் வாழ்பவர்களுக்கு இதனை விளங்கவைக்க வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. ‘பாரிட்’ என்னும் மலாய்ச் சொல்லுக்கு வாய்க்கால் என்பது பொருள். 1906ஆம் ஆண்டில் நிறைவேறிய கிரியான் நீர்ப்பாசனத் திட்டத்தின்படி, புக்கிட் மேரா நீர்த்தேக்கத்திலிருந்து வரும் தண்ணீர், பெரு வாய்க்கால்களிலிருந்து சிறு வாய்க்கால்களுக்குப் பிரிந்து, கடைசி வயல் வரையில் பாய்கிறது. வாய்க்காலில் வண்டல் படிவது ஒரு நாளில் நிகழ்வதன்று. பல ஆண்டுகளாகச் சிறிது சிறிதாகப் படியும். ஒருநாள் கரை இடிந்து விழுந்து அதனை அடைத்துக்கொள்ளும். கடைமடை வயல் காய்ந்து போகும். இரத்தக் குழாயில் கொழுப்புப் படிவதும், அப்படிவு வெடித்து, அதன்மேல் இரத்தம் உறைந்து குழாயை அடைப்பதும் ஏறக்குறைய இவ்விதமே.

இந்த வண்டலைப் படியச் செய்பவை யாவை? புகையிலை, உயர்ந்த இரத்த அழுத்தம், நீரிழிவு, இரத்தக் கொழுப்பு, உடற்பருமன், உழைப்பின்மை என்று பள்ளி மாணவரும் சொல்லிவிடுவர். இவற்றோடு அச்சம், அவமானம், ஒதுக்கப்படுதல் என்னும் சமுதாயக் காரணங்களையும் சேர்த்து எண்ணவேண்டும் என்று அண்மைக்கால மருத்துவ ஆராய்ச்சி வற்புறுத்துகிறது. நம்மிடையே மிகுதியாக ஒதுக்கப்பட்டு வாழும் ஒரு பிரிவினரின் இதய நலத்தைக் கொண்டு இவ்வுண்மையை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

இவர்கள் யாவர்?

ஆண் ஆணையும், பெண் பெண்ணையும் விரும்பும் இயல்புடையோரைத் தன்பாலீர்ப்பினர் என்றும், இருபாலாரையும் விரும்புவோரை இருபாலீர்ப்பினர் என்றும் இக்காலத் தமிழில் வழங்குகின்றனர். ஆணாகப் பிறந்தவர் எனக் குறிக்கப்பட்டும் தம்மைப் பெண்ணாக உணர்ந்து வாழ்வோர் திருநங்கையர். பெண்ணெனக் குறிக்கப்பட்டும் ஆணாக உணர்ந்து வாழ்வோர் திருநம்பியர். சென்னை உயர்நீதிமன்றத்தின் தூண்டுதலால் தமிழ்நாட்டு அரசு 2022ஆம் ஆண்டில் இத்தகைய சொற்களின் தொகுதி ஒன்றையே அரசிதழில் வெளியிட்டது. இழிசொற்கள் ஒழிந்து, மதிப்பான சொற்கள் நிலைபெற வேண்டும் என்பதே அதன் நோக்கம். இப்பிரிவினர் அனைவரையும் சேர்த்துப் பாலினச் சிறுபான்மையினர் என்று இங்குக் குறிப்போம்.

இவர்கள் புதிதாகத் தோன்றியவர்கள் என்று சிலர் எண்ணுகின்றனர். தமிழிலக்கணம் கற்றோர் அவ்வாறு எண்ணமாட்டார். தொல்காப்பியச் சொல்லதிகாரம் பால் திரிந்தோரைக் குறிக்கும் பெயர்களை எடுத்துக்கொண்டு, அவை எவ்வாறு முடிபு பெறும் என்று விதி கூறுகின்றது. அவ்விதியில் நாம் கருத வேண்டியது, அவர்கள் உயர்திணையுள் வைக்கப்பட்டுள்ளனர் என்பதே. சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினோராடல்களுள் பேடியாடலும் ஒன்று. இலக்கண ஆசிரியர் உயர்திணையில் வைத்தவரைப் பிற்காலச் சமுதாயம் அஃறிணையினும் கீழாக நடத்தியது. அதன் விளைவை இன்று மருத்துவர்கள் இரத்த அழுத்தமானியில் அளந்து காண்கின்றனர்.

ஆராய்ச்சி கூறுவது

அமெரிக்க இதயச் சங்கம் 2020ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் பாலினச் சிறுபான்மையினரின் இதய நலத்தைப் பற்றி ஓர் அறிவியல் அறிக்கையை வெளியிட்டது. கொலம்பியா பல்கலைக்கழகத்துத் தாதியியல் பேராசிரியர் பில்லி கசெரெஸ் என்பார் தலைமையில் அமைந்த குழு அதனைத் தயாரித்தது. அடுத்த ஆண்டில் திருநர்களைப் பற்றித் தனியே ஓர் அறிக்கையும் வெளிவந்தது. புகைபிடித்தல், மனஅழுத்தம் ஆகியவை இவர்களுள் பல பிரிவினரிடையே மிகுந்து காணப்படுவதையும், பெண்களுள் தன்பாலீர்ப்பினரிடமும் இருபாலீர்ப்பினரிடமும் உடற்பருமன் மிகுந்திருப்பதையும் அறிக்கை எடுத்துக்காட்டியது. அன்றியும், அமெரிக்காவில் இப்பிரிவினருள் 56 விழுக்காட்டினரும், திருநர்களுள் 70 விழுக்காட்டினரும் மருத்துவத் துறையினரிடமே ஏதோ ஒரு வகையில் பாகுபாட்டுக்கு உள்ளானதாகக் கூறியிருப்பதையும் அது சுட்டிற்று.

ஆயினும் எல்லாரும் ஒரேவிதமான நிலையில் இல்லை. பிரான்ஸ் நாட்டில் ஏறத்தாழ 1 லட்சத்து 69 ஆயிரம் பேரைக் கொண்டு நடத்தப்பெற்று 2023இல் வெளியான ஆய்வொன்றில், தன்பாலீர்ப்புப் பெண்களின் இதய நலம் ஏனைய பெண்களினும் சற்றுத் தாழ்ந்தும், தன்பாலீர்ப்பு ஆண்களின் இதய நலம் ஏனைய ஆண்களினும் சற்று உயர்ந்தும் காணப்பட்டது. இதனின்று புலனாவது யாது? ஒருவருடைய விருப்பமோ பாலுணர்வோ இதயத்தைக் கெடுப்பதில்லை. அவர் எவ்விதச் சூழ்நிலையில் வாழ்கிறார், எத்தகைய பழக்கங்களுக்குத் தள்ளப்படுகிறார், மருத்துவம் அவருக்கு எட்டுகிறதா என்பவையே இதயத்தின் நலத்தை முடிவு செய்கின்றன.

நம் இனத்தவரைப் பொறுத்தமட்டில் இது இரட்டைச் சுமை ஆகிறது. தென்னாசிய மக்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வருகிறது என்றும், பிற நாட்டவர்க்கு அது ஏறத்தாழ 59 வயதில் வருகிறது என்றும் 2007இல் வெளியான பன்னாட்டு ஆய்வு கண்டறிந்தது. மலேசியாவின் 2023ஆம் ஆண்டுத் தேசிய உடல்நலக் கணக்கெடுப்பின்படி, வயது வந்தோருள் 15.6 விழுக்காட்டினர்க்கு நீரிழிவும், 29.2 விழுக்காட்டினர்க்கு உயர் இரத்த அழுத்தமும், 33.3 விழுக்காட்டினர்க்கு மிகு கொழுப்பும் இருந்தன. 2019ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இந்தியர்களுள் பத்தில் மூவர் அளவுக்கு நீரிழிவு காணப்பட்டது. ஆகவே, தோட்டப்புறத்திலிருந்து பட்டணத்துக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்த் திருநங்கை, பிறப்பால் வந்த ஆபத்தையும் ஒதுக்கத்தால் வந்த ஆபத்தையும் ஒருங்கே சுமக்கிறார்.

அச்சம் எவ்வாறு நோயாகிறது?

அச்சம் வந்தால் நெஞ்சு படபடக்கும் என்பது யாவரும் அறிந்ததே. சிறுநீரகங்களின் மேல் அமர்ந்துள்ள சுரப்பிகள் அட்ரினலின், கார்ட்டிசால் என்னும் பொருள்களை இரத்தத்தில் கலக்கின்றன. உடனே துடிப்பு விரைகிறது, இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, அழுத்தம் ஏறுகிறது, சர்க்கரை இரத்தத்தில் பெருகுகிறது. புதரில் பாம்பைக் கண்டவன் ஓடித் தப்புவதற்கு இயற்கை செய்துவைத்த ஏற்பாடு இது. பாம்பு போனதும் உடல் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

பாம்பு போகாமலே இருந்தால்? தன் இயல்பு வீட்டார்க்குத் தெரிந்துவிடுமோ, வேலையிடத்தில் தெரிந்துவிடுமோ, தெருவில் எவரேனும் கேலி செய்வரோ, காவலர் நிறுத்திக் கேட்பரோ என்று நாள்தோறும் காவல் காத்துக்கொண்டே வாழ்பவனுடைய உடல், ஏற்றத்தில் முதல் கியரிலேயே ஓடும் லாரியைப் போன்றது. இயந்திரம் எவ்வளவு உறுதியானதாயினும் தேய்ந்துபோகும். இரத்த அழுத்தம் நிலையாக உயர்கிறது, வயிற்றில் கொழுப்புச் சேர்கிறது, இரத்தக் குழாய்ச் சுவரில் அழற்சி உண்டாகிறது, உறக்கம் குலைகிறது. இவ்வாறு சிறுபான்மையாக இருப்பதாலேயே ஒருவர்மேல் ஏறும் மிகைப்பளுவைப் பற்றி 1981இல் வர்ஜீனியா புரூக்ஸ் என்பார் எழுதினார். பின்னர் 1995லும் 2003லும் இலான் மேயர் என்னும் அறிஞர் அதனை விரிவான கோட்பாடாக்கினார். வெளியிலிருந்து வரும் வசை ஒரு பங்கு. வசை வருமென்று எதிர்பார்த்து நடுங்குவது மற்றொரு பங்கு. அவ்வசையைத் தானே நம்பித் தன்னை வெறுத்துக்கொள்வது மூன்றாவது பங்கு. இம்மூன்றும் சேர்ந்தே உடலைத் தாக்குகின்றன.

52 நாடுகளில் நடத்தப்பெற்று 2004இல் வெளியான ‘இன்டர்ஹார்ட்’ ஆய்வும், மாரடைப்பின் ஒன்பது முதன்மையான காரணிகளுள் மனச்சுமையையும் ஒன்றாக வைத்தது. ஆகவே, ‘மனக்கவலை மாரடைப்பு ஆகும்’ என்று நம் பாட்டிமார் சொல்லிவந்தது வெறும் பேச்சன்று.

இப்பளுவை இறக்கிவைக்க மனிதன் தேடும் ஆறுதல்களே அடுத்த ஆபத்தாகின்றன. தோட்டங்களில் கள்ளுக்கடையும் சம்சுவும் எத்தனை குடும்பங்களைக் கெடுத்தன என்பதை இவ்வட்டாரத்தார் அறிவர். கவலையை மறக்கக் குடிப்பவனுடைய கவலை குறைவதில்லை. இரத்த அழுத்தம் மட்டும் கூடுகிறது. சென்னை ஆய்வாளர் வெங்கடேசன் சக்கரபாணியும் அவர்தம் குழுவினரும் 2017இல் வெளியிட்ட ஆய்வு, இந்தியாவில் தன்பால் உறவுடைய ஆண்களிடமும் திருநங்கையரிடமும் மனச்சோர்வு, மதுப்பழக்கம், வன்முறைக்கு ஆளாதல் ஆகிய மூன்றும் தனித்தனியே நில்லாமல் ஒன்றையொன்று வளர்த்துக்கொண்டு செல்வதை விளக்கியது. அவ்வாய்வு எச்ஐவி தொற்றை நோக்கி நடத்தப்பட்டதேயாயினும், அம்மூன்றும் இதயத்துக்கும் பகையானவை என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

மாத்திரைகளும் மறைமுகமும்

திருநங்கையர் பலர் தம் உடலைப் பெண்மைப்படுத்தப் பெண்ணியக்கு நீர்களை உட்கொள்கின்றனர். முறையான மருத்துவரிடம் செல்ல வழியோ துணிவோ இல்லாதவர்கள், கடையில் கிடைக்கும் கருத்தடை மாத்திரைகளைத் தாமே வாங்கி, ஒன்றுக்கு இரண்டாகவும் மூன்றாகவும் விழுங்குவதுண்டு. இங்கேதான் பெரும் ஆபத்து மறைந்திருக்கிறது. கருத்தடை மாத்திரைகள் பலவற்றில் உள்ள எதினில் எஸ்ட்ராடியால் என்னும் பொருள், கல்லீரலைத் தூண்டி, இரத்தத்தை உறையச் செய்யும் புரதங்களைப் பெருக்குகிறது. காலில் உறைந்த இரத்தக் கட்டி நுரையீரலுக்குச் சென்று அடைத்தால் நொடியில் உயிர் போகலாம். நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரத்து மருத்துவர்கள் 966 திருநங்கையரைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்து 2011இல் வெளியிட்ட ஆய்வில், அப்பொருளை உட்கொண்டுவந்தோர்க்கு இதய, இரத்தக் குழாய் நோய்களால் இறக்கும் ஆபத்து மும்மடங்காக இருந்தது. அதனை முன்பு உட்கொண்டு பின்பு நிறுத்திவிட்டோரிடம் அவ்வாபத்துக் காணப்படவில்லை.

இதனால் இயக்குநீர் மருத்துவமே தீது என்று கொள்ளுதல் தவறு. இயற்கையான எஸ்ட்ராடியாலை அளவறிந்து, சில வேளைகளில் தோலில் ஒட்டும் பட்டையாகவே, மருத்துவர் மேற்பார்வையில் தருவதுண்டு. அவ்வாறு தரும்போது ஆபத்து குறைகிறது. அதனோடு புகைபிடித்தலை விட்டொழிப்பதும் இன்றியமையாதது. ஏனெனில் புகையும் பெண்ணியக்கு நீரும் சேர்ந்தால் இரத்தம் உறையும் வாய்ப்பு மேலும் கூடுகிறது. திருநம்பியர் எடுத்துக்கொள்ளும் ஆணியக்கு நீர் இரத்தத்தில் சிவப்பணுக்களைப் பெருக்கி அதனைத் தடிப்பாக்கக்கூடும். நல்ல கொழுப்பைக் குறைக்கவும் கூடும். ஆகவே அவர்களுக்கும் காலந்தவறாத இரத்தப் பரிசோதனை தேவை.

எச்ஐவி தொற்று உடையோரின் நிலையையும் இங்குச் சொல்ல வேண்டும். 1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் இந்தியாவில் முதன்முதலாக இத்தொற்றைக் கண்டறிந்தபோது, இதற்கு மருந்து இல்லை. இன்று நாள்தோறும் மருந்து உண்போர் முதுமை வரையில் வாழ்கின்றனர். அவ்வாறு வாழ்வோர்க்கு இதய நோயே புதிய பகைவனாக வந்து நிற்கிறது. இந்தியா உட்படப் பல நாடுகளில் 7,769 பேரைக் கொண்டு நடத்தப்பெற்று 2023இல் வெளியான ‘ரிப்ரீவ்’ ஆய்வு, பிட்டாவாஸ்டாடின் என்னும் கொழுப்புக் குறைப்பு மாத்திரை இவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் முதலிய பெருங்கேடுகளை 35 விழுக்காடு குறைத்தது எனக் காட்டியது. ஆனால் எல்லாக் கொழுப்பு மாத்திரைகளும் எச்ஐவி மருந்துகளோடு ஒத்துப்போவதில்லை. சிம்வாஸ்டாடின் போன்றவை சில மருந்துகளோடு சேர்ந்தால் தசைகளைச் சிதைத்துவிடும். எனவே எந்த மாத்திரை என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். அவர் முடிவு செய்வதற்கு நோயாளி உண்மையைச் சொல்ல வேண்டும்.

உண்மையைச் சொல்லாமையால் வரும் கேடு எத்தகையது என்பதற்கு இன்னோர் எடுத்துக்காட்டு. நெஞ்சு வலி என்று வருபவர்க்கு நைட்ரேட் என்னும் மருந்தை நாவின்கீழ் வைப்பது வழக்கம். அதற்கு முன் சில்டெனாஃபில் முதலிய ஆண்மை மாத்திரைகளை உட்கொண்டிருந்தவர்க்கு அம்மருந்து இரத்த அழுத்தத்தைப் பாதாளத்துக்கு இறக்கி உயிரையே வாங்கிவிடும். இது மணமானவர், ஆகாதவர், எவ்வியல்பினர் என்ற வேறுபாடின்றி யாவர்க்கும் பொருந்தும். வெட்கத்தால் மூடிய வாய் இங்கே உயிரைக் குடிக்கிறது. நோயாளி தம்மிடம் சொல்வதை இரகசியமாகக் காப்பது மருத்துவரின் கடமை என்பதையும் மறத்தலாகாது.

மருத்துவமனை வாசலில்

ஒரு காட்சியைக் கற்பனை செய்து பார்ப்போம். அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் காலை வேளை. ஐம்பது பேர் காத்திருக்கின்றனர். பஞ்சாபி உடையணிந்த ஒருவர் கடைசி நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். ஒரு வாரமாக மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. இடத் தோள் கனக்கிறது. முகப்பில் இருப்பவர் அடையாளக் கார்டிலுள்ள ஆண் பெயரை உரக்க அழைக்கிறார். இவர் எழுகிறார். ஐம்பது முகங்கள் திரும்புகின்றன. எங்கிருந்தோ ஒரு சிரிப்பு எழுகிறது. மலேசிய அடையாளக் கார்டின் கடைசி எண் ஒற்றைப்படையானால் ஆண், இரட்டைப்படையானால் பெண் என்பது முகப்பில் இருப்போர்க்குத் தெரியும். ‘இது உன் கார்டுதானா?’ என்ற கேள்வியும் வருகிறது. அடுத்த தடவை மூச்சு வாங்கும்போது இவர் கிளினிக்குக்கு வருவாரா? வரமாட்டார். சூட்டுத் தைலம் தேய்த்துக்கொண்டு வீட்டிலேயே படுத்திருப்பார்.

காட்சி கற்பனையாயினும் அதன் உட்பொருள் கற்பனையன்று. கோலாலம்பூரில் இரண்டு பல்கலைக்கழக மருத்துவமனைகளைச் சேர்ந்த 436 மருத்துவர்களைக் கேட்டு எழுதப்பெற்ற ஆய்வொன்று 2018இல் வெளியாயிற்று. திருநர் நோயாளிகளிடம் பாகுபாடு காட்டும் எண்ணம் மருத்துவரிடம் எதனால் உண்டாகிறது என்பதே அதன் கேள்வி. அச்சமும், இவர்களைப் பற்றிய ஒரே அச்சான தவறான எண்ணங்களும் மிகுந்த மருத்துவரிடம் அவ்வெண்ணம் மிகுந்திருந்தது. ‘இவர்களும் நல்ல மருத்துவம் பெறத் தக்கவர்களே’ என்று நம்பியவர்களிடம் அது குறைந்திருந்தது. மருத்துவர்களையும் முழுதும் குறைகூற இயலாது. அமெரிக்காவிலும் கனடாவிலும் மருத்துவக் கல்லூரிகளில் இப்பிரிவினரைப் பற்றிப் படிப்புக்காலம் முழுவதிலும் கற்பிக்கப்படும் நேரம் சராசரியாக 5 மணிதான் என்று 2011இல் ஓர் ஆய்வு கண்டது. கற்பிக்கப்படாத ஒன்றை எவரும் அறிந்திருக்க முடியாது.

சட்டமும் இதில் பங்கு பெறுகிறது. மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 377ஏ, 377பி பிரிவுகள் இன்றும் நிலவுகின்றன. இந்திய உச்சநீதிமன்றம் 2014இல் திருநர்களை மூன்றாம் பாலினத்தவராக ஏற்றது. 2018 செப்டம்பர் 6ஆம் நாள், வயது வந்தோர் இசைவுடன் கொள்ளும் தன்பால் உறவைக் குற்றமன்று எனத் தீர்ப்பளித்தது. சிங்கப்பூர் தன் 377ஏ பிரிவை 2023 ஜனவரியில் நீக்கிற்று. சட்டத்தின் நன்மை தீமைகளை ஆராய்தல் இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது. ஆனால் தண்டனைக்கு அஞ்சுபவர் மருத்துவரிடமும் வாய்திறக்க அஞ்சுவர் என்பதும், அவ்வச்சம் சிகிச்சையைத் தாமதப்படுத்தும் என்பதும் மறுக்க முடியாதவை.

வேறு வழியும் உண்டு என்பதைத் தமிழ்நாடு காட்டியுள்ளது. 2008இல் அங்குத் திருநங்கையர் நலவாரியம் அமைக்கப்பட்டது. அரசு மருத்துவமனையிலேயே பால்மாற்று அறுவை சிகிச்சை இலவசமாகச் செய்யப்படலாயிற்று. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின்கீழ், இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கான மருந்துகள் வீடு தேடி வருகின்றன. கூட்டத்துக்கு அஞ்சி மருத்துவமனைக்குச் செல்லாதவர்க்கு, மருத்துவம் வீட்டுக்கு வருதல் பேருதவியன்றோ?

செய்யத்தக்கவை

இதயத்தைக் காக்கும் வழிகள் எல்லார்க்கும் பொதுவானவையே. அமெரிக்க இதயச் சங்கம் 2022இல் அவற்றை எட்டாகத் தொகுத்தது: நல்லுணவு, உடலுழைப்பு, புகையிலை விடுதல், போதிய உறக்கம், அளவான எடை; கொழுப்பு, சர்க்கரை, இரத்த அழுத்தம் ஆகிய மூன்றையும் கட்டுக்குள் வைத்தல். இவற்றுள் புகையை விடுவதே விரைந்து பயன்தரும். விட்ட ஓராண்டுக்குள், புகையால் வந்த மிகை ஆபத்தில் ஏறத்தாழப் பாதி குறைந்துவிடுகிறது. காலையில் ரொட்டி சானாயும் கெட்டிப்பால் கலந்த தே தாரிக்கும், இரவில் மீ கோரிங்கும் என்று கடையுணவிலேயே காலங்கழிப்போர், தனியே வாழ்வோருள் பலர். அவர்கள் வாரத்தில் சில நாட்களேனும் கீரையும் பருப்பும் வீட்டில் சமைத்து உண்பது, விலையுயர்ந்த மாத்திரைகளைவிட நன்மை தரும்.

பரிசோதனைக்குப் பெரும் பணம் தேவையில்லை. அரசாங்கக் கிளினிக்கில் ஒரு ரிங்கிட் கட்டணத்தில் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ளலாம். குறைந்த வருமானமுடைய 40 வயதுக்கு மேற்பட்டோர்க்கென 2019இல் தொடங்கப்பெற்ற ‘பெக்கா பி40’ திட்டத்தில் இலவசப் பரிசோதனை உண்டு. தனியே செல்லத் தயங்குவோர் நம்பிக்கையான ஒருவரைத் துணைக்கு அழைத்துச் செல்லலாம்.

ஆபத்து வேளையில் செய்யத்தக்கதை யாவரும் மனத்தில் இருத்துக. நடுநெஞ்சில் பாறாங்கல்லை வைத்ததுபோன்ற அழுத்தம், இடக்கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல் ஆகியவை மாரடைப்பின் அறிகுறிகள். பெண்களுக்கும் நீரிழிவு உடையோர்க்கும் நெஞ்சு வலியே இல்லாமல், களைப்பும் குமட்டலும் மூச்சிரைப்புமாக அது வரக்கூடும். காற்றுப்பிடிப்பு என்று எண்ணிக் காலங்கடத்தாமல் உடனே 999 என்ற எண்ணை அழைக்க வேண்டும். அடைப்பைக் கரைக்கும் மருந்தைப் பாரிட் புந்தார் போன்ற பட்டணத்து மாவட்ட மருத்துவமனையிலேயே தொடங்கிவிட்டு, பிறகு பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவர். முதல் ஓரிரு மணி நேரத்துக்குள் அடைப்பு நீங்கினால் பெரும்பகுதித் தசை பிழைக்கும். ஒவ்வொரு நிமிடமும் தாமதமானால் மீளாத இழப்பு. அவமானத்துக்கு அஞ்சி வீட்டில் படுத்திருப்பவர் இழப்பது இந்த நிமிடங்களையே.

இனி, மற்றவர் செய்யத்தக்கவை. கிளினிக் முகப்பில் இருப்போர் பெயருக்குப் பதிலாக வரிசை எண்ணைச் சொல்லி அழைத்தால் ஒரு காசும் செலவில்லை. ‘உங்களை எப்படி அழைக்கலாம்?’ என்று மெல்லக் கேட்கும் தாதி, ஒரு மாத்திரை செய்யும் வேலையைச் செய்கிறார். கட்டிலருகே வந்து நிற்கும் துணைவரை ‘உறவு என்ன?’ என்று விரட்டாமல், நோயாளி விரும்பினால் உடனிருக்க விடுவது இதயத்துக்கு அமைதி தரும்.

எல்லாவற்றினும் முதன்மையான இடம் வீடும் பள்ளிக்கூடமுமே. நடையிலும் பேச்சிலும் மற்றப் பையன்களினின்று வேறுபட்ட ஒரு சிறுவனைச் சக மாணவர் கேலிப்பெயர் சூட்டி அழைக்கும்போது, ஆசிரியரும் சேர்ந்து சிரித்துவிடுவதுண்டு. சிரித்தவர் மறந்துவிடுவார், சிறுவன் மறப்பதில்லை. அவன் பள்ளிக்கு வரப் பயப்படுகிறான். படிப்பு இடையில் நிற்கிறது. வீட்டை விட்டு வெளியேறுகிறான். நல்ல வேலை கிட்டாமல் கிடைத்ததைச் செய்கிறான். புகையும் மதுவும் துணையாகின்றன. முப்பது ஆண்டுகளுக்குப் பின் ஒருநாள் இரவில் அவனுக்கு நெஞ்சு வலிக்கிறது. மருத்துவர் குழாயில் கொழுப்பைக் காண்கிறார். வண்டலின் முதல் பிடி வகுப்பறையில் விழுந்தது என்பதை எந்தக் கருவியும் அவருக்குக் காட்டுவதில்லை.

வாய்க்காலைத் தூர்வாருதல் ஒரு வீட்டாரின் வேலையன்று; தண்ணீரை நம்பியிருக்கும் ஊரார் அனைவரின் வேலை. கடைமடை வயல் எவருடையது என்று கேட்டு எவரும் மதகைத் திறப்பதில்லை. உயர்திணை என்று நம் இலக்கணம் வைத்த இடத்தில் இம்மக்களை வைத்து நடத்தினால், நெஞ்சு வலித்த அன்றே அவர்கள் மருத்துவமனைக்கு வந்து சேர்வர். வந்து சேர்ந்தவரைக் காப்பாற்ற மருத்துவத்துக்கு வழி உண்டு. வராதவரைக் காப்பாற்ற எந்த மருத்துவத்தாலும் இயலாது.